பதினோரு வெட்டு

ஸ்கொருஷேனி என்ற எங்கள் சுரங்க ஊரில் என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும். "சொரினாவா? நாப்பத்திநாலு நாள், ஒரு நாள்கூடத் தப்பாம தண்ணி சுமந்த பொண்ணாச்சே." நான் நர்ஸ் ஆனது அந்தப் பெயரால்தான். என் அம்மா அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்ததும் அந்தப் பெயரால்தான். அது பொய். பதினோரு நாள் தப்பினேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருஷமாக ரொட்டி தின்கிறேன்.

போன பிப்ரவரியில், வார்டில் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது போன் வந்தது. ஸம்ஃபிரா அத்தை. அத்தை என்று கூப்பிடுகிறேனே தவிர உறவெல்லாம் கிடையாது. எங்கள் தெருக்காரி. நான் யாருக்காகத் தண்ணீர் சுமந்தேனோ, செத்துப்போன அந்த இலாரியேவின் அம்மா. "தண்ணி விஷயமா உங்கிட்டப் பேசணும். ஞாயித்துக்கிழம வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு எழுபத்தொரு வயசு, வீங்கிய கால், ஓய்ந்துபோன இதயம். அவள் வாயிலிருந்து தண்ணீர் என்று வந்தால் அது சாவைப் பற்றிய பேச்சுதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால் நாற்பத்துநாலு நாள் அவர் பெயரால் தண்ணீர் சுமக்க வேண்டும். ரத்த சொந்தம் சுமக்கக் கூடாது. வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை விடிவதற்குள் ஊற்றில் மொண்டு, சொல்லிவைத்த வீடுகளுக்குக் கொண்டுபோய், "இது இன்னாருக்கு" என்று நீட்டுவாள். வாங்குகிறவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "போய்ச் சேரட்டும்" என்பார். அந்த ஒரு வாய்தான் செத்து அங்கே போனவருக்குக் கிடைக்கும். நாளுக்கு ஒரு வெட்டு என்று குச்சியில் கத்தியால் போட்டுக்கொண்டே வர வேண்டும். கடைசி நாள் ஆற்றங்கரையில் குடித்தவர்கள் சாட்சி சொல்ல, சுமந்தவள் சுமந்தேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, குச்சியையும் மெழுகுவத்தியையும் சுரைக்குடுவையில் வைத்து மிதக்க விடுவாள். அவளுக்குப் புது உடுப்பும் காலுக்கு பூட்ஸும் கிடைக்கும். அதனாலேயே இந்த வேலை எப்போதும் இல்லாத வீட்டுப் பிள்ளையைத் தேடித்தான் வரும்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் வீட்டைவிட இல்லாத வீடு தெருவில் இல்லை. சுரங்கத்தில் அப்பாவோடு பாதிப் பேரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பா கையில் கிடைத்த பணத்தோடு நகரத்துக்கு வேலை தேடப் போனார். போனவர் போனவர்தான். அம்மா பள்ளிக்கூடத்தில் கணப்பு மூட்டித் தரை துடைக்கும் வேலைக்குப் போனாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி பூட்ஸ். காலை நான்கு மணிக்கு அம்மா அதை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். மதியம் திரும்பியதும் கழற்றிக் கொடுப்பாள். எனக்குப் பிற்பகல் வகுப்பு, நான் மாட்டிக்கொண்டு ஓடுவேன். உள்ளே அவள் காலின் சூடு இருக்கும். மற்ற நேரத்தில் எனக்கு ரப்பர் ஜோடுதான். அதற்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொள்வேன்.

அந்த ஜனவரியில் இலாரியே செத்தான். இருபது வயசு. சுரங்கத்தில் மிச்சமிருந்தவர்களில் அவனும் ஒருவன். தள்ளுவண்டி வயிற்றில் மோதி நசுக்கிவிட்டது. வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு நாள் கிடந்தான். இரண்டு நாளும் தண்ணீர் கேட்டான். ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸம்ஃபிரா அத்தை பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். பஞ்சை அவன் பல்லால் கடித்து உறிஞ்சப் பார்த்தானாம். அவள் பிடுங்கிக்கொண்டாளாம். டாக்டர் சொன்னது சரிதான், எனக்கு இப்போது தெரியும். எத்தனை பேருக்கு நானே அப்படி மறுத்திருக்கிறேன். ஆனால் அவள் தாய். சொன்ன பேச்சைக் கேட்டாள், பிள்ளை தாகத்தோடு போய்விட்டான்.

அடக்கம் முடிந்த அன்றே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுமக்கிறோம் என்று வேறு இரண்டு பிள்ளைகள் கேட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான் வாக்கு மாறாதவள் என்று அம்மாவிடம் சொன்னாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. யாரும் என்னிடம் எந்த வாக்கும் கேட்டதே இல்லை, மாறுவதற்கு. ஆனாலும் அதைக் கேட்டதும் நான் ஓர் அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது. அத்தை என் தோளைப் பிடித்து, "அவன் தாகத்தோட போயிருக்கான் கண்ணு. நீ ஒரு நாள் தப்பினா அவன் ஒரு நாள் தவிப்பான்" என்றாள். மாட்டேன், தப்ப மாட்டேன் என்றேன்.

மூன்று வீடு குறித்தார்கள். ஃப்ளோரா அக்கா வீடு ஊற்றுக்குப் பக்கத்தில், அத்தை வீட்டுக்கு நேர் எதிரே. அக்லாயா டீச்சர் வீடும் பெத்ரு மாமா வீடும் மேட்டில், கல்லறைக்குப் போகும் பாதையில். பெத்ரு மாமா பழைய சுரங்கத் தொழிலாளி. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. மனைவி மக்கள் என்றும் யாரும் கிடையாது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்று, நான் மேட்டில் ஏறி வருவதைப் பார்த்துக் கிண்டலடிப்பார், வாளி என்னைச் சுமக்கிறதா நான் வாளியைச் சுமக்கிறேனா என்று.

இருபது நாள் ஒழுங்காகத்தான் போனது. இருபத்தொன்றாம் நாள் மேட்டுப் பாதை முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாக இருந்தது. பாதி வழியில் சறுக்கி விழுந்தேன். தண்ணீர் முழுக்க என் மேலே. பாவாடை அங்கேயே விறைத்துப்போனது. முழங்காலில் ரத்தம். அத்தை வாங்கிக் கொடுத்த புது வாளியின் விளிம்பில் எனாமல் பெயர்ந்துவிட்டது. திரும்ப இறங்கி, திரும்ப மொண்டு, அழுதுகொண்டே ஏறினேன். அன்றைக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கொடுக்கவில்லை.

ஏன் என்று இருபத்தாறு வருஷமாகப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகவும் இல்லை. குளிர். பயம். சோம்பல். அவ்வளவுதான். கம்பளிக்குள் சூடாக இருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள், எழுப்ப ஆள் இல்லை. ஃப்ளோரா அக்கா வீட்டுக்கு மட்டும் ஒரு நாளும் தப்பவில்லை, ஏனென்றால் அது அத்தை ஜன்னலுக்கு நேரே இருந்தது. பன்னிரண்டு வயசில் எனக்கு அவ்வளவு புத்தி. அங்கே ஒரு வாளியைக் கொடுத்துவிட்டு, மேட்டுப் பக்கம் திரும்பிப் போவது போல் போய், வேலி மறைவில் ஒதுங்கி வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வேன். படுப்பதற்கு முன் குச்சியை எடுத்து ஒரு வெட்டுப் போடுவேன். பதினோரு நாள், பதினோரு வெட்டு. மற்ற வெட்டுகளைவிட அவை ஆழமாக விழுந்தன.

பன்னிரண்டாம் நாள் வெயில் அடித்துப் பனி உருகியது. பனி உருகியதும் என் பக்தியும் திரும்பி வந்துவிட்டது. வாளியோடு மேட்டில் ஏறினேன். டீச்சர் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தார். பெத்ரு மாமா குடித்துவிட்டு, "கால் சரியாயிடுச்சா?" என்றார். குத்திக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ஆற்றங்கரைக்கு நாற்பத்துநான்காம் நாள் தெருவே வந்தது. இந்தச் சடங்குகளை எங்கள் தெருவில் முன்னின்று நடத்துகிறவள் ஃப்ளோரா அக்காதான். குடித்தவர்களை முதலில் கேட்டாள். டீச்சர் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, "நாப்பத்திநாலு நாளும் குடிச்சேன்" என்றார். பெத்ரு மாமா ஊன்றுகோலை ஈர மணலில் அழுத்தி ஊன்றி, "குடிச்சேன். ஒரு நாள் தப்பல. போய்ச் சேரட்டும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அக்கா என்னைக் கேட்டாள், சுமந்தாயா என்று. சுமந்தேன். சுமந்தாயா? சுமந்தேன். சுமந்தாயா? சுமந்தேன். ஸம்ஃபிரா அத்தை மணலில் மண்டி போட்டு, என் ரப்பர் ஜோட்டைக் கழற்றி, உள்ளே கம்பளி வைத்த பழுப்பு பூட்ஸைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். அளவெடுத்தது போல் இருந்தது. நான் விம்மி விம்மி அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

எனக்கு அன்று புரிந்தது இவ்வளவுதான்: நான் பொய் சொன்னேன், என்னைக் காப்பாற்ற அந்த இரண்டு பேரும் ஆற்றுக்கு முன்னால் பொய் சொன்னார்கள். ரப்பர் ஜோட்டோடு நிற்கிற பிள்ளைக்கு பூட்ஸ் கிடைக்கட்டும் என்று இரக்கப்பட்டுச் சொன்னார்கள். இலாரியே பதினோரு நாள் தவித்தது அவர்கள் கணக்கிலும் ஏறிவிட்டது. என்னால்.

அதற்குப் பிறகு தெருவில் எனக்குத் திறக்காத கதவு இல்லை. ஃப்ளோரா அக்கா கிறிஸ்துமஸுக்கு வாத்து அறுத்தால் ஒரு தொடை எங்கள் வீட்டுக்கு வரும். யார் வீட்டில் மக்காச்சோளக் களி கிண்டினாலும், போகிற வழியில் என்னை உட்காரவைத்துப் பால் ஊற்றித் தருவார்கள். தண்ணி சுமந்த பொண்ணு, நம்ம பொண்ணு. நர்ஸிங் பள்ளிக்கு நான் விண்ணப்பம் போட்டபோது பாதிரியார் கோயிலில் வசூல் செய்து ஹாஸ்டலுக்குக் கட்டினார். அக்லாயா டீச்சர் சிபாரிசுக் கடிதம் எழுதினார். ஒப்புக்கொண்ட வேலையை ஒரு நாளும் தவறவிடாத பெண் இவள் என்று அதில் இருந்தது. பஸ்ஸில் அதைப் படித்தபோது காது சுட்டது. தெரிந்தே இப்படி எழுதியிருக்கிறாரே, இது கேலியா தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணியவில்லை. டீச்சர் இறந்து பத்து வருஷமாகிறது.

மருத்துவமனையிலும் அதே பெயர்தான் எனக்கு. சொரினா ரவுண்ட்ஸ் தவறமாட்டாள், சொரினா கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதமாட்டாள். நல்லவள் என்பதால் இல்லை, பயத்தில். இன்னொரு வெட்டு பொய்யாக விழுந்துவிடக் கூடாது என்கிற பயம். நகரத்தில் வீடு பார்த்து அம்மாவையும் அழைத்துக்கொண்டேன். ஊருக்குப் போனால் கீழ்த் தெருவோடு திரும்பிவிடுவேன். மேட்டுப் பக்கம் கால் வைக்கமாட்டேன். பெத்ரு மாமா சில சமயம் மேலிருந்து ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டுவார். நானும் கையாட்டுவேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி.

ஆறு வருஷம் முன்பு அவர் இறந்துபோனார். வா, போகலாம் என்று அம்மா கூப்பிட்டாள். ட்யூட்டி இருக்கிறது என்றேன். அன்றைக்கு எனக்கு விடுமுறை. அம்மா தனியாகப் போய்விட்டு வந்தாள். நான் வீட்டு ஜன்னல்களை எல்லாம் துடைத்து வைத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அத்தை போனில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸம்ஃபிரா அத்தை அடுப்போரம் நாற்காலியில் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். நாடியெல்லாம் அப்புறம் பார்க்கலாம், நீ தண்ணீர் சுமக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். நான் அவளை முடிக்க விடவில்லை. விட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். இந்த அத்தைக்கு நாற்பத்துநாலு நாள் சுமந்துவிட்டு, அதே கரையில் நின்று, அதே வாயால் சுமந்தேன் என்று எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பனி, வாளி, வேலி மறைவு, குச்சி, பதினோரு வெட்டு. இலாரியே பதினோரு நாள் தவித்தது என்னால்தான் என்றேன். டீச்சரும் பெத்ரு மாமாவும் பொய் சொன்னது என்னால்தான் என்றேன்.

அடுப்பில் விறகு சரிந்தது. அத்தை அதைத் தள்ளிவிட்டாள். அழவில்லை, அதிரவில்லை.

"அவங்க எங்கடி பொய் சொன்னாங்க? குடிச்சாங்க, குடிச்சேன்னு சொன்னாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். சனிக்கிழமைதோறும் சாம்பிராணி போட மகன் கல்லறைக்குப் போவாளாம். நான் நிறுத்திய நாலாம் நாள் ஒரு சனிக்கிழமை. மேட்டுப் பாதையில் என் ரப்பர் ஜோட்டுத் தடம் இல்லை. அதற்குப் பதில் ஒற்றை பூட்ஸ் தடம், பக்கத்தில் வட்டமாக ஒரு குழி, மறுபடி பூட்ஸ், மறுபடி குழி. கீழே ஊற்று வரைக்கும். செங்குத்தான இடத்தில் தடம்கூட இல்லை, உட்கார்ந்து சறுக்கிய பட்டைதான். பெத்ரு மாமா கழுத்தில் சாக்குப் பையை மாட்டி, அதில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டுக்கொண்டு விடிவதற்குள் இறங்கியிருக்கிறார். ஒன்று அவருக்கு, ஒன்று டீச்சருக்கு. "இது இலாரியேவுக்கு" என்று டீச்சர் வாசலில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தன் பங்குக்கு, எனக்குப் பதிலாக அதைத் தானே சொல்லி, தானே குடித்திருக்கிறார். பதினோரு நாள். ஒற்றைக் காலோடு, நான் பயந்த அந்தப் பனியில்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தை நிறுத்தவில்லை.

"அவன்கிட்டப் போய்ச் சண்ட போட்டேன், அவ எங்க, நீ ஏன் சுமக்கறன்னு. அவன் சொன்னான், 'புள்ள கால் நீலம் பூத்துக் கெடக்கு ஸம்ஃபிரா. தூங்கட்டும் விடு. உன் பொட்டிக்குள்ள பூட்ஸ் இருக்குல்ல, அத இன்னிக்கே குடுத்துடு'ன்னான்."

"இருந்துச்சா?" என்றேன்.

"மொத வாரமே ஆட்ட வித்து வாங்கிட்டேன். உன் அளவு பாத்துத்தான்." அத்தை தன் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடுக்கல. கடைசி நாள்தான் குடுக்கணும், அதான் வழக்கம்னு அவன்கிட்டச் சொன்னேன். வழக்கமாவது மண்ணாவது. கையில குடுத்துட்டா நீ வராம நின்னுடுவியோன்னு பயம் எனக்கு. வாக்கு மாறாத பொண்ணுன்னு உங்கம்மாகிட்ட நாந்தானே சொன்னேன்? நானே நம்பல. எம்புள்ள தாகம் மட்டுந்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. உன் காலு தெரியல."

அந்தப் பெட்டி அங்கேதான் இருந்தது, கட்டிலுக்குக் கீழே. இருபத்தாறு வருஷமாக நான் மட்டும்தான் ஒரு குற்றத்தைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் ஒன்றைச் சுமந்திருக்கிறாள். அது தெரிந்ததும் என் சுமை கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. என் பங்கை நொண்டி நொண்டிச் சுமந்த மனிதருக்கு நான் மேட்டுக்குக் கீழே நின்று கையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். அவர் சவப்பெட்டிக்குள் கிடந்த நாளில் ஜன்னல் துடைத்தேன். பூட்ஸ் இல்லாத பன்னிரண்டு வயசுப் பெண்ணை ஒருவேளை மன்னிக்கலாம். முப்பத்திரண்டு வயசில் நல்ல பூட்ஸ் மாட்டிக்கொண்டு போகாமல் இருந்தவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்போதுதான் அத்தை என்னைக் கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னாள். அவள் கேட்டது தனக்காக இல்லை. பெத்ருவுக்கு அன்று சுமக்க ஆள் கிடைக்கவில்லை. சொந்தம் இல்லை, பூட்ஸ் வாங்கிக் கொடுத்து ஒரு பிள்ளையை அமர்த்த அவர் வைத்துவிட்டுப் போனதும் ஒன்றுமில்லை. அவள் அப்போது நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது தன் முறை வரும் முன் அதை முடிக்க வேண்டும் என்றாள். ஆறு வருஷம் கடந்துவிட்டதே, செல்லுமா என்று கேட்டேன். "நாள் கடந்துடும். தாகம் கடந்துடுமா?" என்றாள். நான் வயதுக்கு வராத பெண் இல்லையே, முப்பத்தெட்டு வயசு, பாதிரியார் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டேன். அந்த வயசுப் பிள்ளைகள் எல்லாம் வேலை தேடிப் போன பெற்றோரோடு இத்தாலியில் இருக்கின்றன, பாதிரியார் வேண்டுமானால் போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்றாள்.

பிறகு கட்டிலுக்குக் கீழே குனியச் சொன்னாள். பெட்டியை இழுத்தேன். மேலேயே இருந்தது, காகிதத்தில் சுற்றிய புது பூட்ஸ். எண் முப்பத்தொன்பது, என் அளவு. எனக்கு வேண்டாம் அத்தை, என்னிடம் நாலு ஜோடி இருக்கிறது என்றேன்.

"போட்டுக்க. இந்தத் தடவ மொத நாளே" என்றாள்.

தலைமை நர்ஸிடம் ஒன்றரை மாத விடுப்புக் கேட்டபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் நான் கேட்ட முதல் நீண்ட விடுப்பு. அத்தை வீட்டிலேயே தங்கினேன். எனாமல் பெயர்ந்த அதே வாளி. ஃப்ளோரா அக்கா வீடு, டீச்சர் வீட்டில் இப்போது குடியிருக்கும் இளம் தம்பதி, மூன்றாவதாக அத்தை. பெத்ரு மாமா வீடு பூட்டியிருந்தது. இருந்தாலும் தினமும் மேடேறி அந்த வாசல் வரை போய்த்தான் திரும்பினேன். மார்ச் முதல் வாரத்தில் இரண்டு நாள் பனி இறுகியது. இரண்டு நாளும் விழுந்தேன். இரண்டு நாளும் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கம்பளி பூட்ஸ் மாட்டிய பெரிய மனுஷி விழுந்தெழுந்து தண்ணீர் கொடுப்பதில் என்ன பெருமை?

நாற்பத்துநான்காம் நாள் ஆற்றங்கரையில் அதிகக் கூட்டமில்லை. பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. ஸம்ஃபிரா அத்தையை நாற்காலியோடு தூக்கிவந்திருந்தார்கள். ஃப்ளோரா அக்கா கூன் விழுந்த முதுகோடு நின்று, குடித்தவர்களைக் கேட்டுவிட்டு என்னைக் கேட்டாள். மூன்று முறையும் சுமந்தேன் என்றேன். குடுவையில் மெழுகுவத்தி எரிந்தது. அதைத் தண்ணீரில் விடுவதற்கு முன் சொன்னேன்.

"இன்னொன்னும் சொல்லணும். இலாரியேவுக்கு நாப்பத்திநாலு நாளும் நான் சுமந்தேன்னு இதே இடத்துல சொன்னேன். பதினோரு நாள் மேட்டுக்குச் சுமந்தது நானில்ல. பெத்ரு மாமா."

யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர் இருமினார். ஃப்ளோரா அக்கா சலிப்போடு தலையை ஆட்டினாள்.

"அடிப் பைத்தியமே. அவன் மேட்டுலேருந்து சறுக்கிச் சறுக்கி எறங்கினத இந்தத் தெருவே ஜன்னல் வழியாப் பாத்துச்சு. தெரிஞ்சுதான் உன்ன அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சோம். நம்ம புள்ளய நாம சொல்லாம வேற யாரு சொல்லுவா?" பிறகு என் அருகே வந்தாள். "எங்களுக்குத் தெரியாதது ஒன்னே ஒன்னுதான். அவன் செத்தப்ப நீ ஏன் வரல?"

ட்யூட்டி என்று நாக்கின் நுனி வரை வந்தது. பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்துத் தொடை கொடுத்தவர்கள், பால் ஊற்றியவர்கள், ஹாஸ்டலுக்குக் கட்டியவர்கள்.

"லீவுதான் அன்னிக்கு. வீட்டுல ஜன்னல் தொடச்சிட்டிருந்தேன். அவர் மொகத்தப் பாக்க வெக்கமா இருந்துச்சு."

"கண்ண மூடிப் பொட்டிக்குள்ள கெடந்தானே. அந்த மொகத்தப் பாக்கவா?" என்றாள் அக்கா.

குனிந்து குடுவையைத் தண்ணீரில் விட்டேன். சுழியில் ஒரு முறை சுற்றி, கரையில் ஒட்டி, பிறகு நகர்ந்தது. ஸம்ஃபிரா அத்தை நாற்காலியிலிருந்து, "போய்ச் சேரட்டும்" என்றாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஃப்ளோரா அக்கா மட்டும் குடுவை ஆற்றின் வளைவைத் தாண்டும் வரை பேசாமல் நின்றுவிட்டு, கடைசியில்தான் சொன்னாள்.